முத்திரை அறுந்த என்ஜின்

கேளம்பாக்கத்தில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஃபார்முலா கார் பந்தயம் பார்ப்பவர்கள் ஏழெட்டுப் பேர் உண்டு. லிஃப்டில் மாட்டினால் என்னை விட மாட்டார்கள். "என்ஜினை மாத்தினது டீம். ஓட்டறவன் என்ன சார் தப்புப் பண்ணான்? அவனை எதுக்குப் பத்து இடம் பின்னாடி தள்றாங்க?" என்று கேட்பார்கள், அந்த விதியை நான்தான் எழுதினேன் என்பது போல. என் மனைவி சின்ன வகுப்பில் ஃபார்முலா கார் ஓட்டுகிறவள் என்பது அவர்களுக்குத் தெரியும். அவளிடம் நேராகக் கேட்கக் கூச்சம். அதனால் என் தலை உருளும்.

நான் எப்போதும் ஒரே பதிலைத்தான் சொல்வேன். ஒரு வருடத்துக்கு இத்தனை என்ஜின்தான் என்று வரம்பு வைக்கவில்லை என்றால், வசதி உள்ளவன் வாரத்துக்கு ஒரு புது என்ஜினைப் போட்டுக்கொண்டு முதலிலேயே நிற்பான். வரம்பை மீறினால் பின்னால் போய் நில் என்பதுதான் ஒரே வழி. தப்பு ஒருவருடையது, தண்டனை இன்னொருவருக்கு என்பதில் எனக்கு ஆச்சரியம் கிடையாது. நான் சாஃப்ட்வேர் சோதிக்கிற வேலையில் இருப்பவன். யாரோ எழுதின பிழைக்கு நான் சனிக்கிழமை ஆபீஸுக்குப் போவதைப் பற்றி லிஃப்டில் யாரும் வருத்தப்பட்டதில்லை.

இந்தப் பதிலை நான் இவ்வளவு சுலபமாகச் சொல்ல ஆரம்பித்தது சமீபத்தில்தான். அதற்கு முந்தைய வருடம் அந்தத் தண்டனை எங்கள் வீட்டுக்கே வந்து போயிற்று.

என் மனைவி ஓட்டுவது தொலைக்காட்சியில் வருகிற கார் இல்லை. ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய, சக்கரங்கள் வெளியே தெரிகிற சின்ன வண்டி. முதுகுக்குப் பின்னால் என்ஜின். அதுவும் சாதாரணமாகத் தெருவில் ஓடுகிற காரின் என்ஜின்தான். எல்லோருக்கும் ஒரே வகை. வருட ஆரம்பத்தில் ஒவ்வொருவரும் இரண்டு என்ஜின்களைக் காட்ட வேண்டும். அதிகாரிகள் பார்த்துவிட்டு, மேல்மூடியின் போல்ட்டுகளில் மெல்லிய கம்பியைக் கோத்து, அதன் முனையில் எண் போட்ட ஈய வில்லையை நசுக்கி முத்திரை வைப்பார்கள். அதற்குப் பிறகு உள்ளே யாரும் கை வைக்கக் கூடாது. முத்திரை அறுந்தால் அந்த என்ஜினைப் புதிதாக வந்த மூன்றாவது என்ஜினாகத்தான் கணக்கில் எடுப்பார்கள். மூன்றாவது என்ஜினோடு வருகிறவர், யார் எங்கே நிற்பது என்று முடிவு செய்கிற தகுதிச் சுற்றில் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும், பந்தய வரிசையில் கடைசியில் நிற்க வேண்டும்.

வண்டி இருக்கிற இடம் பொத்தேரி. கல்லூரி மாணவர்களின் பைக்குகளைப் பழுது பார்க்கும் ஷெட் ஒன்றின் பின்பாதி எங்களுடையது. ஷெட்டின் சொந்தக்காரர்தான் எங்கள் மெக்கானிக். செங்கல்பட்டுக்காரர், என்னை விடப் பத்து வயது பெரியவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சுக்குப் போகாமல் வண்டியைத் தொட மாட்டார். பந்தயம் ஞாயிறு என்றால் சனிக்கிழமை சாயங்காலமே போய் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவார். இரண்டு என்ஜின்களுக்கும் அவர்தான் மூத்தது, இளையது என்று பெயர் வைத்திருந்தார்.

அந்த வருடம் மூத்ததை வைத்தே பெரும்பாலான பந்தயங்களை ஓட்டி முடித்தோம். இளையதைத் தகுதிச் சுற்றுகளில் கொஞ்சம் ஓடவிட்டு, கடைசிப் பந்தயத்துக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்தோம். அது என்னுடைய யோசனை. வருடம் முழுக்க இரண்டையும் சமமாகத் தேய்ப்பதை விட, ஒன்றை அடிமாடாக உழைக்கவிட்டு இன்னொன்றைக் கடைசி நாளுக்கு வைத்திருப்பது நல்லது என்று நான் மாதக்கணக்கில் வாதாடினேன். கடைசிப் பந்தயத்துக்கு முன்னால் என் மனைவி புள்ளிப் பட்டியலில் இரண்டாவது இடத்தில் இருந்தாள். மூன்றாவதாக இருந்த கோயம்புத்தூர்க்காரர் அவளை விட ஒரே ஒரு புள்ளி பின்னால். முதல் இரண்டு பேருக்கு அடுத்த வருடம் மேல் வகுப்பில், பெரிய காரில், இடம் கிடைக்கும். முதல் இடத்தை எட்ட முடியாது. ஆனால் கோயம்புத்தூர்க்காரருக்கு முன்னால் முடித்தால் போதும், இரண்டாவது இடம் அவளுடையது.

"இந்த வருஷம் கிடைச்சா மேல போறேன். கிடைக்கலன்னா இதோட நிறுத்திக்கறேன்" என்று அவள் வருட ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள். அவள் பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை.

அவளுடைய அப்பா, என் மாமனார், மாமல்லபுரத்தில் கோயிலுக்குப் பூ கட்டுகிறவர். காலையில் சாமிக்கு மாலை, சாயங்காலம் மாலை, இரண்டுக்கும் நடுவில் கல்யாண ஆர்டர். மகள் பந்தயம் ஓட்டுவதை அவர் எதிர்த்ததில்லை, ஆதரித்ததும் இல்லை. ஒருமுறை கூட வந்து பார்த்ததில்லை. கேட்டால், பூ வாடிவிடும் என்பார். காரைப் பற்றிப் பேச நேர்ந்தால் "அது" என்பார். "அது ஓட்டறதுக்குப் போயிருக்கியா?" என்று கேட்டால் என் மனைவிக்கு முகம் சுருங்கிவிடும். மற்றபடி தங்கமான மனிதர்.

அந்த வருடம் ஆயுத பூஜை கடைசிப் பந்தயத்துக்கு ஐந்தாறு நாள் முன்னால் வந்தது. வழக்கமாக மெக்கானிக் மாமல்லபுரம் போய் மாமனாரிடம் மாலை வாங்கி வந்து அவரே வண்டிக்குப் போட்டுவிடுவார். இந்தத் தடவை கடை வாசலில் நின்று, "நைனா, எத்தினி வருசம் நானே போட்டுகினு கெடக்கறது? உம் பொண்ணு வண்டி. நீயே வந்து போடேன்" என்று கேட்டிருக்கிறார். மாமனார் என்ன நினைத்தாரோ, சரி என்றுவிட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் ஏற்கெனவே ஷெட்டில் இருந்தார். என் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். கடைசிப் பந்தயத்துக்காக இளையதைப் பொருத்தி, பின்பக்க உறையைக் கழற்றி வைத்திருந்த வண்டிக்கு அவர் சாமந்தியும் மருக்கொழுந்தும் வைத்துச் சரம் சுற்றிக்கொண்டிருந்தார். தனக்குத் தெரிந்த வேலை என்பதால் பேச்சே இல்லை. சந்தனத்தை என்ஜின் மேல் மூன்று இடத்தில் வைத்து, குங்குமம் இட்டு, சரத்தின் நுனியை எங்கே முடிப்பது என்று பார்த்து, கைக்கு வாகாக நீட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பியில் முடிந்தார். மெக்கானிக் தன் பங்குக்கு எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் கட்டுக்கம்பியில் கோத்து அங்கேயே தொங்கவிட்டார். "கர்த்தர் கோச்சிக்க மாட்டாரா?" என்று கேட்டேன். "பந்தயம் அவருக்கும் புடிக்கும் அண்ணாத்த" என்றார். மாமனார் காரின் மூக்கை ஒரு தடவை தடவிவிட்டு, "நல்லாத்தான் கீது" என்றார். அன்று பூராவும் என் மனைவி அந்த இரண்டு வார்த்தையை என்னிடம் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மாமனார் கோயில் வேலைக்காரர். சாமிக்குச் சாத்திய பூ வாடினால் அது நிர்மால்யம். அதை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. கண்டவர் காலில் படும்படியும் போடக் கூடாது. ஷெட்டில் கிரீஸ் கையோடு புழங்குகிறவர்கள் வாடின பூவைப் பிய்த்து மூலையில் எறிவார்கள் என்று அவருக்குக் கவலை. விஜயதசமிக்கு மறுநாள் பஸ் பிடித்து மறுபடியும் பொத்தேரிக்கு வந்திருக்கிறார். ஷெட் பூட்டியிருந்தது. பக்கத்து டீக்கடையில் சாவியை வாங்கித் திறந்து, தன் பூக்கத்தரியால் வண்டியிலிருந்த அத்தனையையும் வெட்டி எடுத்துச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறார். எலுமிச்சம்பழம் தொங்கிய கம்பியும், அதற்குப் பக்கத்திலிருந்த கம்பியும் அவர் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும். கல்யாண மாலையில் அவரே அப்படிப்பட்ட கம்பி வைத்துக் கட்டுகிறவர்.

அடுத்த நாள் மெக்கானிக் என்னை ஃபோனில் கூப்பிட்டார். "அண்ணாத்த, ஒடனே வா. பெரிய பேஜாரு" என்றார். இளையதன் தலையில் முத்திரை இல்லை. போல்ட்டு ஓட்டையில் அரை விரல் நீளத்துக்குக் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. டீக்கடைக்காரர் விஷயத்தைச் சொன்னார். மெக்கானிக் மாமனாருக்கு ஃபோன் போட்டு, ஒன்றும் தெரியாதவர் போல, "நைனா, அந்தப் பூவ இன்னா பண்ண?" என்று கேட்டார்.

"கடல்ல வுட்டுட்டம்பா. நிர்மால்யத்த வேற இன்னா பண்ணுவாங்க?"

எண் போட்ட ஈய வில்லை மாமல்லபுரத்துக் கடலில் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது, அதை மறைப்பானேன். வருடம் முழுக்கப் பொத்தி வைத்த என்ஜின். இத்தனை வருடம் எட்டிப் பார்க்காத மனிதர், எட்டிப் பார்த்த முதல் தடவையே இப்படிச் செய்துவிட்டுப் போயிருக்கிறார். நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். என் மனைவி என்ஜின் பக்கத்தில் குந்தியிருந்து மீதிக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பேசவிட்டு, முடிந்ததும் சொன்னாள்: "அப்பாகிட்ட யாரும் மூச்சு விடக் கூடாது. ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன்."

மெக்கானிக் மெதுவாக ஆரம்பித்தார். "ஒரு ஈயத்த உருக்கி, அதே மாரி நம்பர அடிச்சி வுட்டா..."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் "சும்மா சொன்னேன்மா" என்று பைக் பக்கம் போய்விட்டார்.

மிச்சமிருந்த வழி இரண்டு. மூத்ததைப் போட்டு ஓட்டலாம். முத்திரை பத்திரமாக இருக்கிறது, தண்டனை கிடையாது, தகுதிச் சுற்றில் எடுத்த இடத்திலேயே நிற்கலாம். ஆனால் அது எண்ணெய் குடித்துப் புகை கக்க ஆரம்பித்திருந்தது. இல்லையென்றால் இளையதைப் போட்டு, கடைசியில் நின்று, அத்தனை பேரையும் ஒவ்வொருவராகத் தாண்டி வர வேண்டும். நான் மூத்ததன் பக்கம். முன்னால் நின்றால் பாதி வேலை முடிந்தது, மீதியைப் பொறுமையாக ஓட்டிக் காப்பாற்றலாம் என்றேன். மெக்கானிக் தலையை ஆட்டினார். "அது பாதில புட்டுக்கும் அண்ணாத்த. எழுதி வச்சிக்கோ." இரண்டு நாள் இதே பேச்சு. சாப்பிடும்போது, குளிக்கப் போகும்போது, கேளம்பாக்கம் சிக்னலில் நிற்கும்போது. கடைசியில் அவளே முடித்துவைத்தாள். "புகையற வண்டில முன்னாடி நின்னு பயந்துகினே ஓட்டறதுக்கு, நல்ல வண்டில கடைசில நிக்கறேன்."

பந்தயத்துக்கு முந்தின நாள் வண்டியைத் தொழில்நுட்ப அதிகாரியிடம் தள்ளிக்கொண்டு போனோம். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். டார்ச் அடித்துப் பார்த்தார். "முத்திரை எப்படிப் போச்சு?"

"சுத்தம் பண்றப்ப நான் வெட்டிட்டேன் சார்" என்றாள் என் மனைவி.

"நீங்களேவா?"

"நானேதான்."

அவர் அவளையும் என்னையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு என்ஜினைத் திறக்கச் சொல்லிச் சோதித்து, விதிமீறல் ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொண்டு, புது முத்திரை வைத்தார். "மூணாவது என்ஜின். கடைசி இடம்" என்றார். சாயங்காலம் தகுதிச் சுற்றில் அவள் இரண்டாவது வேகமான நேரம் எடுத்தாள். பலகையில் அவள் எண் எல்லோருக்கும் கீழே இருந்தது.

பந்தயத்தன்று காலை நான் எதிர்பார்க்காதது நடந்தது. பந்தயத் தடத்தின் வாசலில் மாமனார் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் வாழையிலையில் சுற்றிய பூ. சாயங்கால மாலைக்கு ஆள் ஏற்பாடு செய்துவிட்டு வந்திருக்கிறார். இவருக்கா பூ வாடிவிடும் என்று கவலை என்று நினைத்துக்கொண்டேன். கோபம் மிச்சமிருந்ததால் அவரிடம் அளவாகத்தான் பேசினேன். வேலியோரம் நிழலாக ஓர் இடம் பார்த்து உட்கார வைத்து, கடலைப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன்.

கார்கள் வரிசையில் வந்து நின்றன. அவர் முன்னாலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய்க் கடைசிக்கு வந்தார்.

"இன்னா மாப்ள, பொண்ணு கடைசில நிக்குது?"

"என்ஜின் விஷயமா ஒரு விதி மாமா. புதுசு போட்டா பின்னாடி நிக்கணும்."

"ஓகோ" என்றார். அந்த நேரம் ஒலிபெருக்கியில் வர்ணனையாளர் ஒவ்வொரு வண்டியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜனங்களுக்காக முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும். என் மனைவியின் எண் வந்தபோது, சுத்தம் செய்யும்போது ஓட்டுநரே என்ஜின் முத்திரையை வெட்டிவிட்டதால் கடைசி இடம் என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் கேலியாகச் சிரிக்கவும் செய்தார். நான் திரும்பிப் பார்த்தேன். மாமனார் கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தார்.

பந்தயத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல எனக்கு வராது. முதல் வளைவிலேயே நடுவில் இரண்டு பேர் உரசிக்கொண்டார்கள். அவள் வெளிப்பக்கமாகச் சுற்றி மூன்று பேரைத் தாண்டினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ஒருவரையாவது பிடித்தாள். இளையது சொன்னபடி கேட்டது. ஒவ்வொரு முறை அவள் யாரையாவது தாண்டும்போதும் மாமனார் துண்டைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். நடுவில் எழுந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அப்புறம் உட்காரவே இல்லை. ஐந்தாவதாகக் கோயம்புத்தூர்க்காரர் போய்க்கொண்டிருந்தார். கடைசிக்கு முந்தின சுற்றில் அவள் ஆறாவதாக அவர் பின்னால் ஒட்டிக்கொண்டாள். நானும் போய் வேலியைப் பிடித்துக்கொண்டேன். கடைசி வளைவில் உள்பக்கம் நுழையப் பார்த்தாள். அவர் இடம் விடவில்லை. விடவேண்டிய அவசியமும் இல்லை, நன்றாக ஓட்டினார். ஒரு கார் நீளத்தில் அவர் ஐந்தாவது, இவள் ஆறாவது.

மேல் வகுப்பு இடம் அவருக்குப் போயிற்று.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றியபோது தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கண் சிவந்திருந்தது. மெக்கானிக் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். முத்திரை மட்டும் இருந்திருந்தால் அவள் இரண்டாவதாக நின்றிருப்பாள், கோயம்புத்தூர்க்காரர் இவள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருப்பார். அதைத் தவிர வேறெதையும் என்னால் நினைக்க முடியவில்லை. அப்போது மாமனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மகளுக்கு எதிரில் வந்து நின்றார்.

"கடைசில இருந்து எத்தினி பேரத் தாண்டி வந்த!" என்றார். "நான் பாத்தம்மா. ஒருத்தன் உடாம எண்ணினேன்."

அவள் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். இடம் போனதற்கு அழுதாளா, அவர் வந்ததற்கு அழுதாளா என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. வாழையிலையில் இருந்த பூவை அவரே அவள் தலையில் வைத்துவிட்டார். எண்ணெயும் வியர்வையுமாக இருந்த தலையில்.

திரும்பும்போது காரை நான் ஓட்டினேன். செங்கல்பட்டு ஏரிக்கரையில் வரும்போது பின்சீட்டிலிருந்து மாமனார் கேட்டார்: "அடுத்த வருசமும் இது கீதில்ல?"

இதோடு நிறுத்திக்கொள்வேன் என்று சொல்லியிருந்தவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "இருக்குப்பா" என்றாள். நான் கியரை மாற்றினேன்.

அடுத்த வருடம் மறுபடியும் அதே வகுப்பு, அதே வண்டி, இரண்டு புது என்ஜின்கள். ஆயுத பூஜைக்கு யாரும் கூப்பிடாமலே மாமனார் வந்து பூ போட்டார். விஜயதசமிக்கு மறுநாள் அதை எடுக்கவும் வந்தார். இந்தத் தடவை நாங்களும் ஷெட்டில் இருந்தோம். மெக்கானிக் முந்தின நாளே என்னிடம், "அண்ணாத்த, நைனா கைல கத்தரியப் பாத்தா நான் ஏதாச்சும் சொல்லி வாங்கிடறேன்" என்று ரகசியமாகத் திட்டம் போட்டிருந்தார்.

மாமனார் கையில் கத்தரி இல்லை. ஒரு பால் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து, நாரின் முடிச்சுகளை நகத்தால் ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தார். இறுகின முடிச்சு. காய்ந்த நார். எனக்கே பொறுமை போய்விட்டது. பக்கத்தில் கிடந்த கட்டிங் பிளேயரை எடுத்து நீட்டினேன்.

"வேணாம் மாப்ள. கம்பி அறுந்துச்சுன்னா பொண்ணு கடைசில போய் நிக்கணும்."

காரின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த என் மனைவியின் கை நின்றது. மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"உங்களுக்கு யாருப்பா சொன்னது?" என்றாள் அவள்.

"அன்னிக்கே மைக்ல சொன்னானே. நீ அறுத்துட்டன்னு." அவர் முடிச்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ எங்கம்மா அறுத்த?"

அவள் துணியைக் கீழே போட்டுவிட்டு வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சரத்தின் அடுத்த நுனியிலிருந்து அவளும் அவிழ்க்க ஆரம்பித்தாள்.